ஃபோர்க்கை ஓட்டிப் பார்க்கலாம், ஹெல்மெட்டை எப்படிச் சோதிப்பது?

ஈரச்சரிவு எழுதியது:

வணக்கம். நான் வான்கூவரில் இருக்கிறேன், கோடை வந்துவிட்டால் வார இறுதி எல்லாம் லிஃப்டில் ஏறிச் சைக்கிளில் இறங்கும் விஸ்லர் பைக் பார்க்தான். எங்கள் பகுதிச் சைக்கிள் கடைக்காரர் ஒரு வேலை கொடுத்திருக்கிறார். மலையிலிருந்து வேகமாக இறங்கும் டவுன்ஹில் ஓட்டத்துக்கான ஒரு ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடித்து அதிர்வை வாங்கும் பாகம்), இரண்டு வகை டயர், ஒரு செட் பிரேக், தாடையையும் மூடும் ஒரு ஃபுல்ஃபேஸ் ஹெல்மெட், முழங்கால் பேட், முதுகு காப்பு, எல்லாவற்றையும் சீசன் முடிவதற்குள் ஓட்டிப் பார்த்து எது காசுக்குத் தகும் என்று எழுதித் தர வேண்டுமாம். பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், சம்பளம் கிடையாது, லிஃப்ட் டிக்கெட் மட்டும் அவர் பொறுப்பு. சரி என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் மற்றவர்கள் எழுதிய விமர்சனங்களைப் படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. எந்த ஃபோர்க்கைப் பற்றி எழுதினாலும் பாதையில் கிடக்கும் வேர்களே தெரியவில்லை என்கிறார்கள், எந்த ஹெல்மெட்டைப் போட்டாலும் பாதுகாப்பாக உணர்ந்தேன் என்கிறார்கள். விழாமலே பாதுகாப்பை எப்படி உணர்ந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. நானும் அதையே எழுதினால் யாருக்கு என்ன லாபம்?

இரண்டு கேள்வி. ஒன்று, புதுப் பொருள் என்ற குஷியில் எல்லாமே நன்றாக இருப்பது போலத் தோன்றுமே, அதை எப்படித் தவிர்ப்பது? இரண்டாவது, கவசங்களை நான் சோதிக்கத்தான் முடியுமா, இல்லை ஸ்டிக்கரில் உள்ள எண்ணை நம்பிவிட வேண்டியதுதானா? அந்த எண்களுக்கு என்ன அர்த்தம் என்று யாராவது தமிழில் சொன்னால் புண்ணியமாகப் போகும்.


பின்ஷாக் எழுதியது:

தம்பி, நல்ல கேள்வி. நான் சஸ்பென்ஷன் வேலை செய்கிறவன், அதனால் பாகங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன், கவசத்தைத் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

முதலில் பாதை. விஸ்லரின் ஏ-லைனில் ஃபோர்க் சோதிக்காதே. அது நன்றாகப் பராமரிக்கிற ஜம்ப் பாதை, அங்கே எந்த ஃபோர்க்கும் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும். வேரும் கல்லும் கலந்த, ஒரு வேகமான வளைவும் ஒரு செங்குத்தான இறக்கமும் உள்ள, ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிற ஒரு துண்டைப் பிடித்துக்கொள். நீளமான பாதையில் ஓட்டினால் மேலே நடந்தது கீழே வருவதற்குள் மறந்துபோகும், கடைசி வளைவு எப்படி இருந்ததோ அதுதான் மொத்த ஃபோர்க்கின் தீர்ப்பு ஆகிவிடும்.

அப்புறம் வரிசை. பலரும் காலையில் பழையதை ஓட்டிவிட்டு மதியம் புதியதை மாட்டுவார்கள். மதியத்துக்குள் உடம்பு சூடாகியிருக்கும், பாதை மனப்பாடம் ஆகியிருக்கும், புதியதுதான் ஜெயிக்கும். அதே மதியத்தில் வளைவுகளுக்கு முன்னால் எல்லாரும் பிரேக் பிடித்துப் பிடித்தே மண் குழியும் மேடுமாக ஆகியிருந்தால் புதியதுதான் தோற்கும். இரண்டுமே பொய். பழையது, புதியது, மறுபடி புதியது, கடைசியில் பழையது என்று ஓட்டு. முதலிலும் கடைசியிலும் பழையது ஒரே மாதிரி இருந்தால்தான் நடுவில் உணர்ந்ததற்கு மதிப்பு. மாறிப்போயிருந்தால் அன்று மாறியது நீயோ பாதையோதான், குறிப்பைக் கிழித்துப் போடு. ஃபோர்க்கைக் கழற்றி மாட்டுவது பெரிய வேலை என்பதால் அதற்கு மட்டும் ஒரே ஃபிரேம், ஒரே சக்கரம் உள்ள இரண்டு பைக் கிடைக்குமா பார், கடைக்காரரிடம் கேட்டால் தருவார்.

ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். டயரையும் ஃபோர்க்கையும் சேர்த்து மாற்றிவிட்டு எது வேலை செய்தது என்று கேட்டால் சாமிக்குக்கூடத் தெரியாது.

காற்றழுத்தத்தை விட்டுவிடாதே. டயரில் 1 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) மாறினாலே ஃபோர்க்கின் திருகைச் சில கிளிக் மாற்றியது போல இருக்கும், அதை ஃபோர்க்கின் குணம் என்று எழுதிவிடுவாய். கீழே காற்றடித்து லிஃப்டில் ஏறினால் 1,000 மீட்டர் உயரத்துக்கு வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் ஒன்றரை பிஎஸ்ஐ குறைகிறது, அதனால் மானியில் டயர் அழுத்தம் அந்த அளவு கூடித் தெரியும். மேலே குளிராக இருந்தால் 10 டிகிரிக்கு ஒரு பிஎஸ்ஐ சொச்சம் குறையவும் செய்யும். சில நாள் இரண்டும் சரிக்குச் சரியாகிவிடும், சில நாள் ஆகாது. அதனால் எப்போதும் மேலே, ஓட ஆரம்பிக்கிற இடத்தில், ஒரே மானியை வைத்துப் பார். மானி துல்லியமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அதே மானியாக இருக்க வேண்டும்.

ஃபோர்க்குக்கு வருவோம். 200 மி.மீ. பயணம் (அமுங்கும் தூரம்) உள்ள, மேலும் கீழும் இரண்டு தட்டில் பிடித்த இரட்டைக் கிரவுன் ஃபோர்க்தானே? பாக்ஸரோ ஃபாக்ஸ் 40-யோ, எதுவானாலும் முழுக் கவசத்துடன் பெடலில் எழுந்து நின்று பார்க்கும்போது பயணத்தில் 20 சதவீதத்தை ஒட்டி அமுங்கட்டும், அது ஆரம்பப் புள்ளி. பின் ஷாக்குக்கு 30 சதவீதத்தை ஒட்டி. பிறகு ரிபவுண்டை, அதாவது அமுங்கிய ஃபோர்க் திரும்ப எழும் வேகத்தை, ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை, சுலபமான பாதையில், மெதுவாக ஓட்டிப் பார். முழுதும் திறந்தால் கையை உதறித் தள்ளும், முழுதும் மூடினால் அடுத்தடுத்த அடிகளில் எழ நேரமில்லாமல் உள்ளேயே கிடக்கும். இரண்டு கோடியும் கைக்குத் தெரிந்த பிறகு நடுவில் தேடுவது சுலபம். பெரும்பாலானவர்கள் கம்பெனி அட்டவணையில் சொன்ன கிளிக்கை வைத்துவிட்டு ஃபோர்க்கைக் குறை சொல்கிறார்கள்.

உன் முதல் கேள்விக்கு நேரான பதில்: கண்ணைக் கட்டு. உன் கண்ணை அல்ல, ஃபோர்க்கின் கண்ணை. நண்பர் ஒருவர் கிளிக்கரைத் திருப்பி மேலே டேப் ஒட்டட்டும், எதை மாற்றினார் என்று சொல்ல வேண்டாம், சில முறை எதையும் மாற்றாமலே மாற்றியதாகச் சொல்லட்டும். மாறாத ஃபோர்க்கில் நீ மாற்றத்தை உணர்ந்தால் உன் உணர்வுக்கு என்ன மதிப்பு என்று தெரிந்துவிடும். ஆனால் ஆபத்தான அமைப்பை மட்டும் உனக்குத் தெரியாமல் வைக்கக் கூடாது, அதை நண்பரிடம் கண்டிப்பாகச் சொல்.

கீழே வந்ததும் கடிகாரத்தைப் பார்க்கும் முன் எழுது. நேரத்தைப் பார்த்துவிட்டால் கை அதற்கு ஏற்றாற்போல எழுதும். நேரமும் வேண்டும்தான், ஆனால் ஒரு ஃபோர்க் அரை நொடி மெதுவாக இருந்து சாயங்காலம் வரை கையைக் கல்லாக்காமல் விட்டால் பார்க்கில் நாள் முழுக்க ஓட்டுகிறவனுக்கு அதுதான் நல்ல ஃபோர்க். உலகக் கோப்பை ஓடுகிறவனுக்கு வேறு கணக்கு. அவர்கள் ஃபோர்க்கிலும் ஷாக்கிலும் நீளம் அளக்கும் சென்சார் மாட்டி, எத்தனை முறை எவ்வளவு வேகத்தில் அமுங்கியது என்று வரைபடமாகப் பார்க்கிறார்கள். உனக்கு அது வேண்டாம். காற்று ஃபோர்க்காக இருந்தால் ஷாக்விஸ் மாதிரி ஒரு சின்னப் பெட்டியை வாடகைக்கு எடுத்து வால்வில் மாட்டலாம், நொடிக்கு 100 முறை அழுத்தத்தை அளக்கும். காயில் ஸ்பிரிங்கில் அது வேலை செய்யாது.

டயர்: கேசிங்கை (டயரின் துணி உடலை) ஒப்பிடுகிறாயா, ரப்பரை ஒப்பிடுகிறாயா என்று முதலிலேயே முடிவு செய். மேக்ஸிஸ் கம்பெனி டயரில் டவுன்ஹில் கேசிங்கும் டபுள்டவுன் கேசிங்கும் இரண்டுமே இரட்டை அடுக்கு, ஆனால் முதலாவது 60 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 60 நூல்) தடித்த நூல், இரண்டாவது 120. ஒன்றில் மேக்ஸ்கிரிப் ரப்பரும் மற்றொன்றில் கொஞ்சம் கடினமான ரப்பரும் இருந்தால் நீ உணர்வது கேசிங்கா ரப்பரா என்று பிரிக்கவே முடியாது.

பிரேக்: புதுப் பேடை மாட்டியதும் தீர்ப்பு சொல்லாதே. மிதமான வேகத்திலிருந்து மெதுவாக, சக்கரம் பூட்டாமல், முழுதும் நிற்காமல் பலமுறை பிடித்துப் பிடித்து டிஸ்க்கில் பேட் பொருள் படிய விட வேண்டும். ஒரு செட்டில் 200 மி.மீ. டிஸ்க், இன்னொன்றில் 220 என்றால் அங்கேயே 10 சதவீத வித்தியாசம் வந்துவிட்டது, அது பிரேக்கின் பெருமை அல்ல. அப்புறம் பிரேக்குக்கு உண்மையான சோதனை முதல் பிடியில் இல்லை. நீண்ட செங்குத்துப் பாதையின் கடைசியில், சூடான பிறகு, லீவர் விரலுக்கு அதே இடத்தில் கிடைக்கிறதா என்பதுதான் சோதனை.


சங்கிலியிலி எழுதியது:

இவ்வளவும் செய்துவிட்டு ஒன்றை நினைவில் வையுங்கள். 2015-ல் ஆஸ்திரியாவின் லியோகாங்கில் அமெரிக்க வீரர் ஆரன் குவின் ஆரம்பத்திலேயே சங்கிலி அறுந்து, பெடல் மிதிக்காமலே வந்து உலகக் கோப்பைப் பந்தயத்தை ஜெயித்தார். நேரத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதுகிற ஆள் அன்று இருந்திருந்தால் 'சங்கிலி தேவையில்லை, ஐந்துக்கு ஐந்து' என்று எழுதியிருப்பார்.

அதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. சஸ்பென்ஷன் அமுங்கும்போது சங்கிலி இழுபட்டுப் பெடலைப் பின்னுக்குத் தள்ளும், சங்கிலி இல்லாவிட்டால் அந்த உதை இல்லை. அதைக் குறைக்கவே இப்போது ஓசெயின் மாதிரி ஒரு சாமானைக் கிராங்க்கில் (பெடல் மாட்டிய கையில்) மாட்டுகிறார்கள்.


ஆய்வகத்தான் எழுதியது:

நான் ஜெர்மனியில் பொருள் சோதனைக் கூடம் ஒன்றில் வேலை செய்கிறேன். சைக்கிள் எங்கள் பிரிவு அல்ல, ஆனால் விழவைத்து அளக்கிற இயந்திரம் எல்லாத் துறைக்கும் ஒரே ஜாதிதான். நண்பரின் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: கவசத்தின் பாதுகாப்பை நீங்கள் சோதிக்க முடியாது, சோதிக்கவும் கூடாது. ஒருமுறை விழுந்து ஒன்றும் ஆகவில்லை என்பது ஒரு ஹெல்மெட்டைப் பற்றி எதுவும் சொல்லாது. அது இல்லாமல் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும், வேறு ஹெல்மெட் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு ஒப்பீடே கிடையாதே. 'உயிரைக் காப்பாற்றியது' என்று எழுதுகிற விமர்சனங்கள் நன்றிக் கடிதங்கள், சோதனை அல்ல.

ஸ்டிக்கருக்கு வருகிறேன். ஐரோப்பாவின் ஈஎன் 1078-ல் ஹெல்மெட் மாட்டிய உலோகத் தலையைச் சுமார் ஒன்றரை மீட்டரிலிருந்து தட்டையான இரும்பில் போடுவார்கள், தலைக்குள் அதிர்வு 250 ஜி-யை (புவியீர்ப்பைப்போல 250 மடங்கை) தாண்டக் கூடாது. அமெரிக்காவின் சிபிஎஸ்சி-யில் 2 மீட்டர், வரம்பு 300 ஜி. இவை இரண்டும் சாதாரணச் சைக்கிள் ஹெல்மெட்டுக்கான அளவுகோல்கள், தாடைப் பகுதியைத் தொடுவதே இல்லை. அதாவது ஃபுல்ஃபேஸ் வடிவத்தில் ஒரு ஹெல்மெட் செய்து, அதில் ஈஎன் 1078 என்று மட்டும் ஒட்டியிருந்தால் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தத் தாடை உடையுமா உடையாதா என்று அந்த எண் சொல்லவில்லை. டவுன்ஹில்லுக்கென்றே இருப்பது ஏஎஸ்டிஎம் என்ற அமெரிக்க அமைப்பின் எஃப்1952. அதில் நடைபாதை விளிம்புக்கல், அரைக்கோளம் ஆகிய வடிவ இரும்பின் மீது, அதே வடிவங்களுக்கு சிபிஎஸ்சி வைத்திருப்பதைவிடக் கூடுதல் உயரத்திலிருந்து போடுகிறார்கள், தாடை மீதும் ஒரு எடையை விழவைத்து எவ்வளவு உள்ளே வளைகிறது என்று அளக்கிறார்கள். உங்கள் ஹெல்மெட்டின் உள்ளே முதலில் தேட வேண்டியது அந்த எண்ணைத்தான்.

முழங்கால் பேட், முதுகு காப்பு இரண்டுக்கும் மோட்டார் சைக்கிள் அளவுகோலைக் கடன் வாங்குகிறார்கள். 5 கிலோ எடையை ஒரு மீட்டர் சொச்சத்திலிருந்து போட்டால் 50 ஜூல், பேடுக்குக் கீழே எவ்வளவு விசை கசிகிறது என்று பார்ப்பார்கள். எண் குறைய இருந்தால் நல்லது. கை காலுக்கான ஈஎன் 1621-1-ல் முதல் நிலைக்குச் சராசரி 35 கிலோநியூட்டன் வரை விடலாம், இரண்டாம் நிலைக்கு 20. முதுகுக்கான ஈஎன் 1621-2-ல் முதல் நிலை 18, இரண்டாம் நிலை 9. இதைக் கவனியுங்கள்: முதுகுக் காப்பின் முதல் நிலையே முழங்கால் பேடின் இரண்டாம் நிலையைவிடக் கண்டிப்பானது. வெறும் 'லெவல் 2' என்று கடையில் சொன்னால் எதன் லெவல் என்று கேளுங்கள். இன்னொன்று, லேபிளில் டி+ அல்லது டி- என்று இருக்கிறதா பாருங்கள். 40 டிகிரியிலும் மைனஸ் 10-லும் கூடுதலாகச் சோதித்ததற்கான குறி அது, கட்டாயமில்லை, செய்தவர்கள் போட்டுக்கொள்வார்கள். மென்மையாக இருந்து அடிபட்டதும் இறுகும் வகைப் பொருள்கள் வெப்பத்துக்குத் தகுந்தபடி குணம் மாறும், ஆகஸ்ட் வெயிலில் ஓட்டுகிறவர் டி+ பார்ப்பது நல்லது.

ஃபோர்க், ஃபிரேம் பற்றி ஒரு வரி. ஐஎஸ்ஓ 4210 என்று போட்டிருந்தால் அதுவே போதும் என்று எழுதிவிடாதீர்கள், பந்தயம், சாகசம் போன்ற கடுமையான பயன்பாட்டுக்கான சைக்கிள்களை அந்த அளவுகோல் தன் எல்லைக்கு வெளியே வைத்திருக்கிறது. ஏஎஸ்டிஎம் எஃப்2043 என்ற வகைப்பாட்டில் நான்காம் வகை 122 செ.மீ.க்குள் குதிப்பதற்கு, அதற்கு மேல் ஐந்தாம் வகை. டவுன்ஹில் பாகத்தில் ஐந்து என்று இருக்கிறதா பாருங்கள். வகை என்பது எதற்காகச் செய்தது என்பதைச் சொல்கிறது, எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லாது.


ஈரச்சரிவு எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி. பின்ஷாக் அண்ணா, டேப் ஒட்டுகிற யோசனை பிரமாதம், என் அறைத்தோழன் இப்போதே கையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறான்.

ஆய்வகத்தான் சார், ஒரு சந்தேகம். 2 மீட்டரிலிருந்து விழுந்தால் தரையைத் தொடும் வேகம் மணிக்கு 22 கிலோமீட்டர் வருகிறது. நாங்கள் 50, 60-ல் போகிறோம். அப்படியானால் இந்தச் சோதனைகள் எல்லாம் கண்துடைப்பா?


ஆய்வகத்தான் எழுதியது:

கண்துடைப்பு இல்லை, ஆனால் பாதிக் கதை. 60-ல் போகும்போது வழுக்கி விழுந்தால் உங்கள் தலை தரையை நோக்கி 60-ல் போவதில்லை. தரையோடு சேர்ந்து முன்னால் போகிற வேகம்தான் அது, தரையை நோக்கிய வேகம் தலை இருந்த உயரத்தைப் பொறுத்தது. ஜம்ப்பில் நாலு மீட்டர் உயரத்திலிருந்து நேரே விழுந்தால் ஆற்றல் சோதனையைப்போல இரண்டு மடங்கு. மரத்தில் நேராக மோதினால் கணக்கு வேறு, அங்கே அந்த 60-ம் முழுதாக வந்து சேரும், எந்த ஸ்டிக்கரும் அதற்கு உறுதி கொடுக்கவில்லை.

முன்னால் போகிற வேகம் வீணாகவும் போவதில்லை. ஹெல்மெட் தரையைப் பிடித்துக்கொள்ள, தலை சுழல்கிறது, மூளை அதிர்ச்சிக்கு அந்தச் சுழற்சி பெரிய காரணம். நேராகப் போடும் சோதனை அதை அளப்பதே இல்லை. ஸ்வீடன்காரர்கள் ஹெல்மெட்டுக்குள் வைக்கும் மிப்ஸ் இதற்காக வந்ததுதான், அதன் உள் அடுக்கு எல்லாப் பக்கமும் 10 முதல் 15 மி.மீ. நழுவும். அமெரிக்காவில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் 2018 முதல் சைக்கிள் ஹெல்மெட்டுகளுக்கு நட்சத்திரம் கொடுக்கிறது. அவர்கள் 45 டிகிரி சாய்ந்த, உப்புத்தாள் ஒட்டிய பரப்பில் ஆறு இடங்களில், இரண்டு வேகங்களில் மோத விட்டு நேர் அடியையும் சுழற்சியையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். அங்கே மதிப்பெண் குறைய இருப்பதே நல்லது, சிலர் தலைகீழாகப் படித்துவிட்டு எழுதுகிறார்கள். பாஸ், ஃபெயில் என்று மட்டும் சொல்லும் ஸ்டிக்கரைவிட இந்தப் பட்டியல் ஒப்பிட உதவும். உங்கள் ஹெல்மெட் அதில் இருந்தால் அந்த எண்ணை அப்படியே எடுத்துப் போடுங்கள்.

300 ஜி என்பது மண்டை உடைவதைத் தடுக்கப் போட்ட கோடு. மூளை அதிர்ச்சிக்கு அதைவிட எவ்வளவோ குறைவே போதும். பாஸான ஹெல்மெட் போட்டவருக்கும் தலைசுற்றல் வரலாம், அது ஹெல்மெட்டின் குற்றம் என்று உடனே எழுதிவிட முடியாது.


லென்சர்கைட் அக்கா எழுதியது:

நான் சுவிஸில் இருக்கிறேன், லென்சர்கைட் பார்க்கில்தான் பிள்ளைகளோடு ஓடுகிறது. மேலே எழுதியவர்கள் எல்லாரும் படிச்ச ஆக்கள், எனக்கு அந்தக் கணக்குகள் விளங்காது. ஆனால் தம்பி, கவசத்தைச் சோதிக்கவே ஏலாது என்று விட்டுவிடாதீர்கள். ஆய்வகம் பார்க்காத கனக்க விஷயம் இருக்கு, அதை நீங்கள்தான் பார்க்க வேணும்.

ஆய்வகத்தில் பேடை ஒரு அச்சில் வடிவாக வைத்து அடிக்கிறார்கள். மலையில் அது முழங்காலில் நிற்குமா? போட்டுக்கொண்டு ஒரு மணித்தியாலம் பெடல் மிதியுங்கள், வேர்வையில் நனையட்டும், பிறகு ஒரு கையால் பேடைப் பிடித்துக் கீழே இழுத்துப் பாருங்கள், பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். சறுக்கி ஆடுதசைக்குப் போனால் லெவல் 2 இருந்தென்ன லெவல் 5 இருந்தென்ன. முழங்காலை மடக்கி வெறுந்தரையில் ஊன்றி நகருங்கள், எலும்பின் பக்கம் தரையில் படுகிறதா என்று தெரியும். பத்துத் தரம் தோய்த்த பிறகு பட்டியின் இறுக்கம் எப்படி என்பதையும் எழுதுங்கள், அதை ஒருத்தரும் எழுதுகிறதில்லை.

ஹெல்மெட்டுக்கு: பட்டியைப் பூட்டிவிட்டு, பின்பக்கம் பிடரியில் கையை வைத்து மேலே, முன்பக்கமாகத் தள்ளச் சொல்லுங்கள். கழன்று வருகிறதென்றால் அளவு பிழை. கன்னப் பஞ்சு கன்னத்தை இறுக்கிப் பிடிக்க வேணும், தலையை ஆட்டும்போது தோலும் சேர்ந்து அசைய வேணும். கண்ணாடி போட்டபின் கீழ்ப்பக்கம் பார்வை மறைக்குதா, மேலே ஏறும்போது மூச்சு முட்டுதா, கழுத்துக் காப்புப் போடுகிறதென்றால் ஹெல்மெட்டின் விளிம்பு அதில் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிப் படுகுதா, தலையை நிமிர்த்திச் செங்குத்துப் பாதையைப் பார்க்க முடியுதா. வெக்கை தாங்காமல் லிஃப்ட் வரிசையில் கழற்றி, கழற்றின ஹெல்மெட்டை மறந்து கைப்பிடியில் தொங்கவிட்டுக்கொண்டு ஓடுகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். தலையில் இருக்கிற ஹெல்மெட்தானே ஹெல்மெட்.

முதுகுக் காப்பைக் கையில் வைத்துப் பார்த்து வாங்குகிறார்கள். பைக்கில் குனிந்து நில்லுங்கள். நிமிர்ந்து நிற்கும்போது இடுப்புவரை மூடுகிறது குனிந்ததும் மேலே ஏறிக் கீழ்முதுகைத் திறந்துவிடும்.


பின்ஷாக் எழுதியது:

அக்கா சொன்னதுதான் கடையில் வாங்குகிறவனுக்கு உண்மையில் வேண்டியது. ஒரு சேர்க்கை: திருப்பிக் கொடுக்க வேண்டிய ஹெல்மெட் என்கிறாய். தவறிப்போய் அதோடு விழுந்து தலை தட்டினால் கடைக்காரரிடம் மறைக்காமல் சொல், அது வேறு யார் தலைக்கும் போகக் கூடாது. உள்ளே இருக்கும் தெர்மோகோல் நசுங்கித்தான் அடியை வாங்குகிறது, ஒருமுறை நசுங்கினால் மீண்டு வராது, மேல் ஓடு பளபளவென்று இருந்தாலும் சரி. கடையில் நீ எடுக்கும் முன்பே அது ஏற்கெனவே அடிபட்ட டெமோவா என்றும் கேட்டுக்கொள்.

ஒவ்வொரு நாளும் ஓடும் முன் ஸ்டெம் (கைப்பிடியைப் பிடித்திருக்கும் பாகம்) போல்ட்டுகளை, இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்துப் பார். 5, 6 நியூட்டன் மீட்டர் அளவில்தான் பெரும்பாலும் இருக்கும், ஸ்டெம்மிலேயே அச்சிட்டிருப்பார்கள். பாகம் மாற்றி மாற்றி ஓட்டுகிற ஆளின் பைக்கில்தான் போல்ட் தளர்ந்திருக்கும்.


ஈரச்சரிவு எழுதியது:

கடைக்காரரிடம் பேசிவிட்டேன். ஹெல்மெட்டின் உள்ளே பார்த்தேன், சிபிஎஸ்சி-யும் ஈஎன் 1078-ம் இருக்கிறது, எஃப்1952 இல்லை. அதனால் ஹெல்மெட் பகுதியில் பொருத்தம், காற்றோட்டம், எடை, பார்வை இவற்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், தாடைக்கு எந்தச் சோதனையும் லேபிளில் இல்லை என்பதை முதல் வரியிலேயே போடுவேன் என்றேன். கொஞ்சம் முகம் சுளித்தார், அப்புறம் சரி என்றார். முழங்கால் பேடில் சிஇ என்ற ஐரோப்பியக் குறி மட்டும் இருக்கிறது, ஈஎன் எண்ணையே காணோம். அது எதற்குச் சமம்?


ஆய்வகத்தான் எழுதியது:

தனியாக சிஇ மட்டும் இருந்தால் எந்த அளவுகோலில் சோதித்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. ஐரோப்பாவில் விற்கிற காப்பு உடைகளுக்கு 2016/425 என்ற விதிப்படி இணக்க அறிவிப்பு ஒன்றைப் பொருளோடு தர வேண்டும், இல்லாவிட்டால் அது கிடைக்கும் இணைய முகவரியைக் கையேட்டில் அச்சிட வேண்டும். பெட்டியில் இருக்கும் மடித்த தாளைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா? அதில் தேடுங்கள். அறிவிப்பில் எந்த அளவுகோல் (ஈஎன் 1621-1 போல) என்பதும் சான்றளித்த கூடத்தின் பெயரும் இருக்கும். கிடைக்கவில்லை என்றால் கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள், பதில் வந்ததா வரவில்லையா என்பதையும் விமர்சனத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.